அமெரிக்காவுல கைத்துப்பாக்கி கேரி லைசென்ஸ்: ஆபீசர் இஷ்டத்துக்கு மறுக்க முடியுமா, எப்படி அப்ளை பண்றது

கேரி லைசென்ஸ்னா கைத்துப்பாக்கியை வீட்டுக்கு வெளியில கூடவே எடுத்துட்டுப் போறதுக்கான அனுமதி. அதுக்கான அப்ளிகேஷனைத் தொடுறதுக்கு முன்னாடி உங்க பாஸ்போர்ட்டை எடுத்து விசா ஸ்டேட்டஸ் என்னன்னு பாருங்க. எச்1பி, எல்1, எஃப்1, எச்4 இப்படி நான்-இமிக்ரன்ட் விசாவுல, அதாவது நிரந்தரக் குடியேற்றம் இல்லாத தற்காலிக விசாவுல உள்ள வந்தவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குறதும் வச்சுக்கறதும் பெடரல் சட்டத்துலயே, அதாவது நாடு முழுக்கச் செல்லற மத்திய சட்டத்துலயே தடை. செல்லுபடியாகிற ஹன்டிங் லைசென்ஸ் இருந்தா விலக்குன்னு ஒரு வரி இருக்கு, அதைப் படிச்சுட்டு ஆஹா வழி கிடைச்சிடுச்சுன்னு குதிக்காதீங்க, லாயர்கிட்ட கேக்காம அந்தப் பக்கமே போக வேணாம். ஷூட்டிங் ரேஞ்சுல (சுட்டுப் பழகற இடம்) வாடகைக்கு எடுத்து சும்மா ரெண்டு ரவுண்டு சுட்டா கூட அது "வச்சிருந்த" கணக்குலதான் சேரும். ஸ்டூடன்ட் விசாவுல ஃப்ளோரிடா வந்த ஒரு பையனை காலேஜ்ல இருந்து நீக்கி ஸ்டேட்டஸும் போயிடுச்சு, அப்புறமா ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போனான், அந்தக் கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2019ல, தன் ஸ்டேட்டஸ் இதுதான்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னு அரசாங்கம் நிரூபிக்கணும்னு தீர்ப்பு வந்துச்சு. தீர்ப்பு அவன் பக்கம்தான், ஆனா அதுக்குள்ள அவன் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

கிரீன் கார்டு இருந்தா பெடரல் சட்டம் தடுக்காது, சிட்டிசன்னா கேள்வியே இல்ல. ஆனா கிரீன் கார்டுக்காரங்க ஒண்ணை ஞாபகம் வச்சுக்கணும், துப்பாக்கி சம்பந்தப்பட்ட குற்றத்துல தண்டனை ஆனா அது நாடு கடத்துறதுக்கே தனியா ஒரு காரணம்னு இமிக்ரேஷன் சட்டத்துல எழுதி வச்சிருக்கு. அதனால கீழ சொல்ற சின்னச் சின்ன விதிமீறல் எல்லாம் சிட்டிசனுக்கு ஒரு தலைவலி, உங்களுக்கு மொத்த வாழ்க்கையும்.

துப்பாக்கி வச்சுக்கறது நல்லதா கெட்டதான்னு நான் இங்க பேச வரல. வாங்கணும்னு முடிவு பண்ணவங்களுக்கு, அதுவும் நியூயார்க், நியூஜெர்சி, கலிபோர்னியா, மேரிலாண்ட், மாசசூசெட்ஸ், ஹவாய்ல இருக்கறவங்களுக்குத்தான் இது. டெக்ஸாஸ், ஃப்ளோரிடா மாதிரி ஊர்ல இருக்கவங்களுக்கு லைசென்ஸே இல்லாம கேரி பண்ணலாம், டெக்ஸாஸ்ல 2021 செப்டம்பர்ல இருந்து, ஃப்ளோரிடாவுல 2023 ஜூலைல இருந்து. அவங்க கடைசியில பயணம் பத்தி எழுதியிருக்கறதை மட்டும் படிச்சா போதும்.

ஆபீசர் கையில இவ்ளோ அதிகாரம் எப்படி வந்துச்சு

இதைத் தெரிஞ்சுக்காம அப்ளை பண்ணா ஃபார்ம்ல ஒவ்வொரு கேள்வியும் ஏன் கேக்கறாங்கன்னே புரியாது. நியூயார்க்ல 1911ல சல்லிவன் சட்டம் வந்துச்சு, ஒளிச்சு வைக்கிற சைஸ்ல துப்பாக்கி வேணும்னா லைசென்ஸ் வேணும்னு. 1913ல அதைத் திருத்தி, வெளியில எடுத்துட்டுப் போகணும்னா "ப்ராப்பர் காஸ்" அதாவது தகுந்த காரணம் காட்டணும்னு வச்சாங்க. அந்தத் தகுந்த காரணம்னா என்னன்னு கோர்ட்டுங்க என்ன சொல்லுச்சுன்னா, ஊர்ல மத்த எல்லாருக்கும் இருக்கற பயத்தை விட உங்களுக்குத் தனியா ஒரு ஆபத்து இருக்கணும். எங்க ஏரியாவுல திருட்டு ஜாஸ்தி சார்னு சொன்னா பத்தாது, அது ஏரியாவுல எல்லாருக்கும்தானே. உங்க பேரைப் போட்டு வந்த மிரட்டல், போலீஸ்ல குடுத்த கம்ப்ளைன்ட், இந்த மாதிரி ஏதாவது வேணும். இப்படி தகுதி எல்லாம் இருந்தும் ஆபீசர் மனசு வச்சாத்தான் கிடைக்கும்ங்கற முறைக்கு "மே இஷ்யூ"ன்னு பேரு, தகுதி இருந்தா குடுத்தே ஆகணும்ங்கறது "ஷால் இஷ்யூ".

அதிகாரம் ஆள் கையில இருந்தா என்ன நடக்கும்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. 1956ல அலபாமாவுல மார்ட்டின் லூதர் கிங் வீட்டுல குண்டு வெடிச்சுது, அவர் கேரி பெர்மிட்டுக்கு அப்ளை பண்ணாரு, இல்லன்னுட்டாங்க. தனியா ஆபத்து இருக்கறதுக்கு அதை விட என்ன ஆதாரம் வேணும்? நம்மாளுங்க நிறைய பேர் குடியிருக்கற கலிபோர்னியா சான்டா கிளாரா கவுன்ட்டியிலேயே (நம்ம மாவட்டம் மாதிரி), கேரி பெர்மிட்டை வேண்டியவங்களுக்கும் நிதி குடுத்தவங்களுக்கும் சாதகமா குடுத்தாங்கன்னு கவுன்ட்டி போலீஸ் தலைவரான ஷெரிஃப் மேலேயே விசாரணை நடந்து, 2022ல ஜூரி அவங்க பண்ணது தப்புதான்னு சொன்னாங்க, அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அவங்க பதவியை விட்டு விலகியிருந்தாங்க.

கோர்ட் பக்கம் மூணு தீர்ப்பு போதும். 1791ல அமெரிக்க அரசியல் சட்டத்துல சேர்த்த ரெண்டாவது திருத்தம், மிலிஷியான்னு (பொதுமக்களைச் சேர்த்த படை) ஆரம்பிச்சு மக்களோட ஆயுதம் வச்சுக்கற உரிமைன்னு முடியுது, அது ராணுவத்துக்கா தனி ஆளுக்கான்னு காலங்காலமா சண்டை. 2008ல ஹெல்லர் கேஸ்ல, வாஷிங்டன் டிசியில கைத்துப்பாக்கிக்கு இருந்த தடையை அடிச்சுட்டு, இது தனி மனுஷனோட உரிமைதான், வீட்டுக்குள்ள தற்காப்புக்கு வச்சுக்கலாம்னு 5-4ல சொன்னாங்க. டிசி பெடரல் நிலம்ங்கறதால மத்த ஸ்டேட்டுங்க எங்களுக்கு இது பொருந்தாதுன்னு நின்னுச்சு, 2010ல சிகாகோவோட மெக்டொனால்ட் கேஸ்ல எல்லா ஸ்டேட்டுக்கும் பொருந்தும்னு சொல்லி அதுவும் முடிஞ்சுது. வீட்டுக்கு வெளியில? அதுக்கு 2022 ஜூன் 23 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு. அதுதான் ப்ரூவன் தீர்ப்பு, 6-3, ஜஸ்டிஸ் தாமஸ் எழுதினது. நியூயார்க் மாநிலத்துல ரென்சலர் கவுன்ட்டிக்காரங்க ரெண்டு பேருக்கு வேட்டைக்கும் டார்கெட் ப்ராக்டிஸுக்கும் மட்டும்னு கட்டுப்பாடு போட்டு லைசென்ஸ் குடுத்திருந்தாங்க, அவங்கதான் கேஸ் போட்டது. வேற எந்த அரசியல் சட்ட உரிமைக்கும் எனக்கு இது ஏன் வேணும்னு அதிகாரிகிட்ட போயி நிரூபிக்கச் சொல்றதில்ல, இதுக்கு மட்டும் ஏன்னு கேட்டு ப்ராப்பர் காஸைத் தூக்கிட்டாங்க.

இங்கதான் நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கறாங்க. லைசென்ஸே வேணாம்னு அந்தத் தீர்ப்பு சொல்லல. பேக்ரவுண்ட் செக், கைரேகை, ட்ரெய்னிங் எல்லாம் கேக்கலாம், ஆனா அதை வேணும்னே வருஷக்கணக்கா இழுத்தடிச்சாலோ கட்ட முடியாத ஃபீஸ் போட்டாலோ அதையும் கேள்வி கேக்க முடியும்னு ஒரு அடிக்குறிப்புல சொல்லிட்டு விட்டாங்க. அப்புறம் 2024 ஜூன்ல ரஹிமி கேஸ்ல 8-1ல, குடும்ப வன்முறை தடை உத்தரவு மேல இருக்கற ஆள் துப்பாக்கி வச்சுக்கக் கூடாதுங்கற சட்டம் சரிதான்னும் சொல்லிட்டாங்க. ஆக உங்களுக்கு ஏன் வேணும்னு இனிமே கேக்க முடியாது, நீங்க எப்படிப்பட்ட ஆளுன்னு கேக்கலாம். ஆபீசரோட அதிகாரம் காணாமப் போகல, அடுத்த ரூமுக்கு மாறியிருக்கு, அவ்ளோதான். உங்க ஃபைலை அதுக்குத் தகுந்த மாதிரி தயார் பண்ணணும்.

ஃபைல் தயார் பண்றது

நியூயார்க்கை வச்சு சொல்றேன், அங்கதான் கேள்வி ஜாஸ்தி. ப்ரூவன் தீர்ப்பு வந்து எட்டாவது நாளே, ஜூலை 1, 2022, புது சட்டத்துல கவர்னர் கையெழுத்து போட்டாச்சு, செப்டம்பர் 1ல இருந்து அமல். 21 வயசு, 16 மணி நேரம் கிளாஸ், ரெண்டு மணி நேரம் நிஜ தோட்டா வச்சு சுடற பயிற்சி, நேர்ல இன்டர்வியூ, நாலு பேர் கேரக்டர் ரெஃபரன்ஸ். இது போக உங்க மனைவி அல்லது கணவர், வீட்டுல கூட இருக்கற பெரியவங்க எல்லாரோட பேரும் விவரமும், மைனர் பசங்க இருக்காங்களான்னும் எழுதணும். வீட்டம்மாகிட்ட சொல்லாம கமுக்கமா வாங்கிடலாம்னு நினைச்சா நியூயார்க்ல நடக்காது. ஊர்ல இருந்து அம்மா அப்பா வந்து தங்கியிருந்தா அவங்களும் "கூட இருக்கற பெரியவங்க"ளான்னு முன்னாடியே கேட்டு எழுத்துல பதில் வாங்கிடுங்க, நீங்களா முடிவு பண்ணாதீங்க.

மூணு வருஷ சோஷியல் மீடியா அக்கவுண்ட் லிஸ்ட்டும் அந்தச் சட்டத்துல இருந்துச்சு, நியூயார்க்கைப் பாக்கற பெடரல் அப்பீல் கோர்ட்டான செகண்ட் சர்க்யூட் அதை நிறுத்தி வச்சிடுச்சு. ஆனா நல்ல நடத்தைங்கற நிபந்தனையை அதே கோர்ட் தொடல. நல்ல நடத்தைன்னா, உங்க குணமும் நிதானமும், துப்பாக்கியை நம்பி உங்ககிட்ட குடுக்கலாம், உங்களுக்கும் அடுத்தவனுக்கும் ஆபத்து வராதுங்கற அளவுக்கு இருக்கணும். கேக்க நியாயமாத்தான் இருக்கு, ஆனா இந்த ஒரு வரிக்குள்ள ஆபீசர் எவ்ளோ வேணா நுழைய முடியும், அதனாலதான் பேப்பர் முக்கியம்.

பழைய அரெஸ்ட் இருந்தா மறைக்கவே கூடாது. காலேஜ் காலத்துல ஒரு சண்டை, தள்ளுபடி ஆயிடுச்சு, ரெக்கார்டும் சீல் பண்ணிட்டாங்கன்னு (வெளியாள் பாக்க முடியாதபடி மூடிட்டாங்கன்னு) வைங்க, சும்மா ஃபார்ம்ல "இல்ல"ன்னு டிக் பண்ணிடலாம்னு கை போகும். நியூயார்க் சிட்டி அப்ளிகேஷன் சீல் ஆன அரெஸ்ட்டையும் சேர்த்துத்தான் கேக்குது. "ஆமா"ன்னு எழுதி, கேஸ் நடந்த கோர்ட் கிளர்க்கிட்ட போயி சர்டிஃபிகேட் ஆஃப் டிஸ்போசிஷன், அதாவது கேஸ் எப்படி முடிஞ்சுதுங்கற சான்றிதழ் வாங்கி இணைச்சு, என்ன நடந்துச்சுன்னு அரைப் பக்கம் நேரா எழுதுங்க. எந்த தேதி, எந்த இடம், கடைசியில கேஸ் என்ன ஆச்சு, இவ்ளோ போதும், அவன்தான் முதல்ல கையை ஓங்கினான்ங்கற கதை வேணாம். இருபது வருஷம் முந்தின தள்ளுபடி ஆன கேஸை வச்சு மறுத்தா அப்பீல்ல பேசலாம், பொய் சொன்னதை வச்சு மறுத்தா பேச ஒண்ணும் இருக்காது.

இன்னொண்ணு, கஞ்சா. உங்க ஸ்டேட்ல கடை போட்டு விக்கறாங்க, மெடிக்கல் கார்டும் இருக்கு, எல்லாம் சரி, ஆனா டீலர்கிட்ட துப்பாக்கி வாங்கும்போது நிரப்பற பெடரல் ஃபார்ம் 4473ல கஞ்சா பயன்படுத்தறீங்களான்னு கேள்வி வரும், ஸ்டேட்ல சட்டப்படி சரியா இருந்தாலும் பெடரல்ல தப்புதான்னு அதுக்குப் பக்கத்துலயே எழுதியும் இருக்கும். அந்த ஃபார்ம்ல பொய் சொல்றதே தனி குற்றம். மச்சானுக்கு வேணும்னு அவன் காசுல உங்க பேர்ல வாங்கறதும் அதே ஃபார்ம்ல மாட்டும், வாங்கறவர் யாருன்னுதான் முதல்ல கேப்பாங்க.

ரெஃபரன்ஸ் ஆளுங்க விஷயத்துல நம்மாளுங்க சொதப்பறது அதிகம். பெரிய பதவியில இருக்காருன்னு பேர் போட்டுட்டு, அவருக்கு ஒரு போன் கூட பண்ணாம விட்டுடறாங்க. நியூஜெர்சியில நாலு பேர் வேணும், சொந்தக்காரங்க கூடாது, மூணு வருஷமாவது உங்களைத் தெரிஞ்சிருக்கணும். அவங்களுக்கு ஈமெயில்ல ஒரு கேள்வித்தாள் போகும், அது ஸ்பேம்ல விழும், அவர் பாக்க மாட்டாரு, உங்க ஃபைல் அப்படியே கிடக்கும், நீங்க போலீஸைத் திட்டிட்டு இருப்பீங்க. அப்ளிகேஷன் போட்ட அன்னைக்கே நாலு பேருக்கும் மெசேஜ் போட்டு, ஸ்பேம் ஃபோல்டரைப் பாருங்கன்னு சொல்லி, முடிச்சுட்டாங்களான்னு ஒரு வாரம் கழிச்சு மறுபடி கேளுங்க. உங்க குடிப்பழக்கம், கோவம், வீட்டு நிலவரம் எல்லாம் அவங்ககிட்ட கேப்பாங்கன்னு அவங்களுக்கு முன்கூட்டியே தெரியணும்.

இன்டர்வியூல ஏன் வேணும்னு கேட்டா தற்காப்புக்குன்னு ஒரு வார்த்தை போதும். பக்கத்து வீட்டுக்காரனோட வேலி தகராறு, ஆபீஸ்ல மேனேஜர் கொடுமை இதெல்லாம் கொட்ட ஆரம்பிச்சீங்கன்னா நிதானம் இல்லாத ஆளுன்னு நீங்களே எழுதிக் குடுக்கற மாதிரி. முன்னாடி முறையில ஆபத்தைப் பெருசா காட்டினாத்தான் வேலை நடக்கும், இப்ப அதே பேச்சு உங்களுக்கு எதிரா திரும்பும். பழைய வழிகாட்டி எதையாவது படிச்சுட்டு மிரட்டல் கடிதம் எல்லாம் சேகரிக்காதீங்க.

யார்கிட்ட குடுக்கறதுங்கறது ஊருக்கு ஊரு வேற. நியூயார்க் சிட்டின்னா போலீஸ் கமிஷனரோட லைசென்ஸ் டிவிஷன், நாசோ, சஃபக் பக்கம் போலீஸோ ஷெரிஃபோ, மாநிலத்துல அதுக்கும் வடக்கே போனீங்கன்னா கவுன்ட்டி ஜட்ஜே லைசென்சிங் ஆபீசர். மாசசூசெட்ஸ்ல உங்க டவுன் போலீஸ் சீஃப். கலிபோர்னியாவுல ஷெரிஃப் இல்லாட்டி சிட்டி போலீஸ் சீஃப், 2024 ஜனவரியில இருந்து குறைஞ்சது 16 மணி நேர ட்ரெய்னிங், மூணு ரெஃபரன்ஸ். மேரிலாண்ட்ல ஸ்டேட் போலீஸ், அங்கயும் முதல் தடவை 16 மணி நேரம். ஹவாய்ல கவுன்ட்டி போலீஸ் சீஃப்.

ஃபீஸ் பத்தி புலம்பாதவங்க கிடையாது. நியூயார்க் சிட்டியோட 340 டாலர் ஃபீஸ் செல்லும்னு 2013லயே பெடரல் அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு, நியூஜெர்சி 2022 டிசம்பர் சட்டத்துல 50ல இருந்து 200க்கு ஏத்திச்சு. ட்ரெய்னிங், கைரேகை, தோட்டா செலவையும் சேர்த்துப் பாருங்க. கூலி வேலை பாக்கறவனுக்கு இது உரிமையா இல்ல கட்டணச் சேவையான்னு கேட்டா எங்கிட்ட நல்ல பதில் இல்ல.

இழுத்தடிச்சா, மறுத்தா

எல்லாம் தேதியிலதான் இருக்கு. அப்ளிகேஷன் முழுசா ஏத்துக்கிட்டாங்கன்னு ரசீதோ ஈமெயிலோ வாங்காம ஆபீஸை விட்டு நகராதீங்க, கணக்கு அன்னைலேர்ந்துதான் ஓடும். நியூயார்க்ல ஆறு மாசத்துக்குள்ள முடிவு சொல்லணும், தாமதம்னா காரணத்தை எழுத்துல தரணும். நியூஜெர்சியில 90 நாள், மாசசூசெட்ஸ்ல 40 நாள். கெடு தாண்டினதும் போன் பண்ணி கெஞ்சாதீங்க, அப்ளிகேஷன் நம்பர், தேதி, சட்டம் சொல்ற கெடு மூணையும் போட்டு நாலு வரி லெட்டர் அனுப்புங்க, ஒரு காப்பி உங்ககிட்ட. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியில இழுத்தடிக்கறாங்கன்னு 2025 செப்டம்பர்ல பெடரல் ஜஸ்டிஸ் டிபார்ட்மென்டே கேஸ் போட்டுச்சு, அதனால தாமதம்ங்கறது நீங்க சகிச்சுக்க வேண்டிய விதி ஒண்ணும் இல்ல.

மறுத்தா லெட்டரை நிதானமா படிங்க. அதுல ஒரு சம்பவம், ஒரு தேதி, ஒரு ரெக்கார்டு ஏதாவது இருக்கா, இல்ல சும்மா "நல்ல நடத்தை இல்லை"ன்னு மொட்டையா இருக்கா? மொட்டையா இருந்தா அதுதான் உங்க அப்பீலோட முதல் பாயின்ட். மாசசூசெட்ஸ்ல தகுதியில்லாத ஆளுன்னு சீஃப் சொல்லணும்னா நம்பகமான, எடுத்துச் சொல்லக்கூடிய தகவல் இருக்கணும்னு சட்டத்துலயே இருக்கு, அவருக்கு உள்ளுக்குள்ள ஏதோ தோணுச்சுங்கறது பத்தாது. அங்க 90 நாளுக்குள்ள டிஸ்ட்ரிக்ட் கோர்ட், நியூஜெர்சியில 30 நாளுக்குள்ள சுபீரியர் கோர்ட்ல ஹியரிங் கேக்கணும், நியூயார்க்ல ஆர்ட்டிகிள் 78ன்னு, அதிகாரியோட முடிவை எதிர்த்துக் கோர்ட்ல போடற ஒரு வழக்கு, நாலு மாசத்துக்குள்ள. இந்த ஸ்டேஜ்ல லாயர் வச்சுக்கோங்க, அதுவும் துப்பாக்கி லைசென்ஸ் கேஸ் பாக்கறவரா. இமிக்ரேஷன் லாயர் நல்லவரா இருக்கலாம், இது அவர் வேலை இல்ல. ப்ரூவனுக்கு முந்தி வேட்டைக்கு மட்டும்னு கட்டுப்பாடு போட்டு வாங்கின பழைய லைசென்ஸ் கையில இருந்தா அதை எடுக்கச் சொல்லி லைசென்சிங் ஆபீசருக்கு எழுதிக் கேளுங்க, புதுசா அப்ளை பண்ணணுமான்னு அவங்களே சொல்வாங்க.

கையில வந்த பிறகு

லைசென்ஸ் வந்தா எல்லா இடத்துக்கும் எடுத்துட்டுப் போகலாம்னு இல்ல. நியூயார்க்ல டைம்ஸ் ஸ்கொயர், சப்வே, ஸ்கூல், மது விக்கற பார் எல்லாம் சென்சிடிவ் இடம், அதாவது லைசென்ஸ் இருந்தாலும் துப்பாக்கி கூடாத இடம், அங்க கொண்டு போனா ஃபெலனி, அதாவது பெரிய குற்றம். மாநிலத்துல வேற கவுன்ட்டி குடுத்த லைசென்ஸ் நியூயார்க் சிட்டிக்குள்ள தனி அனுமதி இல்லாம செல்லாது, இது பல பேருக்குத் தெரியாது. போஸ்ட் ஆபீஸுக்குள்ள எந்த ஊர் லைசென்ஸா இருந்தாலும் கூடாது.

ஸ்டேட் எல்லை தாண்டறதுதான் ஆளைக் கவுக்கறது. ட்ரைவிங் லைசென்ஸ் மாதிரி ஒரு ஸ்டேட்ல வாங்கினது எல்லா ஸ்டேட்லயும் செல்லாது. 2013ல பென்சில்வேனியா பெர்மிட் வச்சிருந்த ஒரு அம்மாவை நியூஜெர்சியில ட்ராஃபிக்ல நிறுத்தினாங்க, கார்ல துப்பாக்கி இருக்குன்னு அவங்களே போலீஸ்கிட்ட சொன்னாங்க, மூணரை வருஷம் ஜெயில்ங்கற நிலைமை வரைக்கும் போயி, கடைசியில 2015ல கவர்னர் மன்னிப்பு குடுத்தாரு. எல்லாருக்கும் கவர்னர் மன்னிப்பு வராது.

துப்பாக்கியோட ஊர் தாண்டணும்னா 1986 பெடரல் சட்டம் ஒரு பாதுகாப்பு குடுக்குது. கிளம்பற இடத்துலயும் போய்ச் சேர்ற இடத்துலயும் உங்களுக்கு அது சட்டப்படி சரியா இருக்கணும், துப்பாக்கி லோடு பண்ணாம, கை எட்டாத இடத்துல, கார்ல டிக்கி இல்லாட்டி பூட்டின பெட்டிக்குள்ள. டேஷ்போர்டுல பூட்டி வச்சேன்னு சொன்னா செல்லாது. பிளைட்டா இருந்தா இன்னும் கவனம். 2005ல யூட்டால இருந்து பென்சில்வேனியா போன ஒருத்தர், நியூவர்க்ல கனெக்ஷன் மிஸ் ஆயி, பூட்டின துப்பாக்கி இருந்த பேக்கை வாங்கிக்கிட்டு ஹோட்டல்ல தங்கிட்டு, மறுநாள் காலைல செக்-இன் கவுன்டர்ல ஒழுங்கா சொன்னாரு, அங்கயே கைது. கேஸ் பின்னாடி தள்ளுபடி ஆச்சு, ஆனா அவர் போட்ட நஷ்டஈடு கேஸ்ல 2010ல அப்பீல் கோர்ட், பேக் ராத்திரி முழுக்க அவர் கை எட்டற தூரத்துல இருந்துச்சு, அதனால பெடரல் பாதுகாப்பு பொருந்தாதுன்னு சொல்லிடுச்சு. ஆக நியூவர்க், ஜேஎஃப்கே, லாகார்டியா வழியா கனெக்ஷன் போடாதீங்க, போட்டு மாட்டிக்கிட்டா பேக்கைக் கையில வாங்காதீங்க, ஏர்லைன்கிட்டயே இருக்கட்டும், இல்ல ஏர்போர்ட் போலீஸைக் கூப்பிட்டு அவங்க முன்னாடி பேசுங்க.

வீடு மாறினா நியூயார்க்ல 10 நாளுக்குள்ள லைசென்சிங் ஆபீசருக்கு சொல்லணும், கேரி லைசென்ஸை மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ரீசர்டிஃபை (மறுபடி உறுதி) பண்ணணும். நியூஜெர்சி, கலிபோர்னியாவுல ரெண்டு வருஷம், மாசசூசெட்ஸ்ல ஆறு வருஷம். முடியறதுக்கு நாலஞ்சு மாசம் முன்னாடியே போன்ல ரிமைண்டர் போட்டு வைங்க, ரெஃபரன்ஸ் குடுத்த நாலு பேர்கிட்டயும் அதுவரைக்கும் சண்டை போடாம இருங்க.